அஸ்திவாரத்தைச் சுற்றி ஒரு நடை



வீட்டைப் பெருக்குகிறோம், துடைக்கிறோம், பண்டிகைக்குப் பண்டிகை ஒட்டடை அடிக்கிறோம். அஸ்திவாரத்தை என்றைக்காவது எட்டிப் பார்த்ததுண்டா? "அது பாட்டுக்கு மண்ணுக்குள்ளே கிடக்கு, அதுக்கென்ன வந்தது?" என்றுதான் நானும் இருந்தேன். கனடாவில், டொராண்டோவைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் இருக்கும் என் பெண் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்கத் தங்கின பிறகுதான் புத்தி வந்தது. குளிர் தேசத்தில் குடித்தனம் செய்கிற பெண்கள் பலர் இந்தப் பகுதியைப் படிக்கிறீர்கள். பெண்ணை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கிற அம்மாக்களும் படிக்கிறீர்கள். அதனால் இந்த இதழில் சமையலறையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்குவோம்.

டொராண்டோவில் பனிக்காலத்தில் மண்ணே உறைந்துவிடும். அந்த உறைபனி எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் நிற்கவேண்டும் என்பதால், ஏறக்குறைய 4 அடிக்குக் குறையாமல் தோண்டுகிறார்கள். அவ்வளவு தோண்டின பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்குமே! அதுதான் பேஸ்மெண்ட். வாடகைக்கு வரும் மாணவர்களும், ஊரிலிருந்து வரும் நம்மைப் போன்ற பெரியவர்களும் பெரும்பாலும் படுப்பது அங்கேதான். அதாவது, அங்கே அஸ்திவாரச் சுவர்தான் படுக்கையறைச் சுவர். இதை மறக்காதீர்கள்.

மார்ச் கடைசியில் பனி உருக ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால், என் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் வெள்ளையாகப் பொடி. நம் ஊர்ப் பழைய சுவர்களில் உப்புப் பூக்குமே, அதே மாதிரி. பக்கத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். ஒரே வாரத்தில் அறை முழுக்க ஈரத்துணி நாற்றம், எனக்கோ இருமல். பெண் பயந்துபோய் ஒரு ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் உள்ளே வந்து ஐந்து நிமிஷம் நின்றார். "வெளியே சுவர் நெடுகத் தோண்டிப் பூசவேண்டும். 15,000 டாலர் ஆகும். இந்த வாரமே கையெழுத்துப் போட்டால் குறைத்துத் தருகிறேன்" என்றார். மாப்பிள்ளை பேனாவை எடுத்தேவிட்டார்.

நல்லவேளையாக அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாள் கூழ் கொண்டுவந்தார். முப்பது வருஷம் அந்த ஊர்ப் பனியைப் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டதும், "கையெழுத்து வைக்க முதல் வெளியிலை ஒருக்கால் சுத்திப் பாத்தனீங்களோ, அக்கா?" என்றார். இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு போனோம். வீட்டு மூலையில் நின்று கையை நீட்டினார். "அங்கை பாருங்கோ, பீலித் தண்ணி எங்கை விழுகுதெண்டு!"

கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகரத் தூம்பைத்தான் அவர்கள் பீலி என்கிறார்கள். அதிலிருந்து இறங்கும் குழாயின் அடித்துண்டு கழன்று பனிக்குள் கிடந்தது. கூரையில் உருகின பனியெல்லாம் என் கட்டிலுக்கு நேர் பின்னால், சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது! 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் 2,300 லிட்டருக்கு மேல் தண்ணீர். அத்தனையும் ஒரே மூலையில் இறங்கினால் எந்தச் சுவர்தான் தாங்கும்?

மாப்பிள்ளை 20 டாலருக்குள் ஒரு நீட்டுக் குழாய் வாங்கி மாட்டினார். மே மாதத்துக்குள் சுவர் காய்ந்தது. எனக்கு இருமலும் நின்றது.

குளிர் அல்ல, தண்ணீர்தான்

வெறும் குளிர் அஸ்திவாரத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சுவரோரம் தங்கின தண்ணீர் உறையும்போதுதான் ஆபத்து. தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பருக்கும். விரிசலுக்குள் புகுந்து உறைந்தால் ஆப்பு மாதிரி அகட்டிவிடும். களிமண், வண்டல்மண் பூமியாக இருந்தால் இன்னொரு தொல்லை. உறைகிற மண் கீழேயுள்ள ஈரத்தையும் உறிஞ்சித் தகடு தகடாகப் பனிக்கட்டி கட்டி, மேலே இருப்பதைத் தூக்கும். வாசற்படி சாய்வதும், மரத் தளத்தின் கால்கள் எழும்புவதும் இதனால்தான். ஆகவே நம் வேலை ஒன்றே ஒன்று: சுவரோரம் தண்ணீர் தங்கவிடக் கூடாது. அதற்கு வருஷத்தில் நாலு முறை வீட்டைச் சுற்றி நடந்தால் போதும்.

அக்டோபர் நடை

இலையெல்லாம் கொட்டின பிறகு தூம்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஏணி ஏற நமக்கு வயதில்லை, ஆள் வைத்துக்கொள்ளலாம். இறங்கு குழாயின் வாய் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திருப்பிவிடாதீர்கள்! மண் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியவேண்டும். 10 அடிக்கு 6 அங்குலம் சரிவு என்பது கணக்கு. பள்ளமாக இருந்தால் களிமண் கலந்த மண்ணைப் போட்டு மேடாக்குங்கள். மணல் போட்டால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கிவிடும்.

தோட்டக் குழாயின் வால்வை வீட்டுக்குள்ளே மூடிவிட்டு, வெளிக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பேஸ்மெண்டில் தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்பு இருந்தால் குழிக்குள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தானாக ஓடி இறைத்துவிட்டு நிற்கவேண்டும். பேஸ்மெண்ட் ஜன்னல் குழிகளில் இலை அடைத்திருந்தால் அள்ளிவிடுங்கள்.

பனிக்கால நடை

வழியில் கிடக்கும் பனியை வாரி எங்கே கொட்டுகிறோம்? கைக்கு எளிது என்று சுவரோரம்தான்! அது உருகும்போது நேரே அஸ்திவாரத்துக்குத்தான் போகும். நாலைந்து அடி தள்ளிக் கொட்டுங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹீட்டர் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். எச்சரிக்கை மணிக் கருவி கட்டாயம் வேண்டும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களே, மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள்! குழாய்கள் உறைந்து வெடிக்கும். வீட்டுச் சூடு இல்லாவிட்டால் அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணும் உறையும். குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள். சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்து அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் இது ஒரு நிபந்தனையே. புறப்படும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏப்ரல் நடை

பனி உருகினபின் பேஸ்மெண்டில் டார்ச் அடித்து நாலு சுவரையும் பாருங்கள். சாமான்களை நகர்த்திப் பார்க்கவேண்டும். ஈரம் ஒளிந்திருப்பது அவற்றின் பின்னால்தான். விரிசல் கண்டால் அலறவேண்டாம். அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். கான்கிரீட் சுவரில் மயிரிழையாக மேலிருந்து கீழே ஓடும் விரிசல் பெரும்பாலும் சிமெண்டு காயும்போது வந்ததாக இருக்கும். அதில் தண்ணீர் வராவிட்டால் கவனித்து வந்தால் போதும். படுக்கையாக ஓடும் விரிசல், கட்டடக் கல்லில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல், உள்ளே பிதுங்கும் சுவர், கால் அங்குலத்துக்கு மேல் அகலம் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. முதலில் கட்டட என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்ன பிறகு ரிப்பேர்க்காரர் வரட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் சுவர் வழியாக வருகிறது. முன்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. பெயிண்ட் அடித்து மறைப்பது மட்டும் வேண்டாம். அது புண்ணின் மேல் பவுடர் பூசுவது மாதிரி!

ஜூலை நடை

கோடையில் நமக்கு ஒரு பழக்கம்: "அறை நாறுகிறது, ஜன்னலைத் திற!" அந்த ஊரில் புழுக்கமான நாளில் பேஸ்மெண்ட் ஜன்னலைத் திறந்தால் காரியம் கெட்டது. ஜில்லென்ற மோர் டம்ளர் வியர்க்குமே, அதுபோல் குளிர்ந்த சுவர் வியர்த்துவிடும். ஈரம் உறிஞ்சும் கருவி வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் சுவரோரமே பாத்தி கட்டித் தினம் தண்ணீர் விடுவதும் தவறு. செடிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதது ஒன்று

மண்ணிலிருந்து ரேடான் என்ற வாயு, விரிசல்கள் வழியாகப் பேஸ்மெண்டுக்குள் வரலாம். நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுதான். கனடா சுகாதாரத் துறை வைத்த வரம்பு ஒரு கனமீட்டருக்கு 200 பெக்கரல். சோதனைக் கருவி ஒன்றை வாங்கி, கதவு ஜன்னல் மூடிக் கிடக்கும் பனிக்காலத்தில் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். கீழே ஆள் படுக்கும் வீடானால் கட்டாயம் செய்யவேண்டும். அளவு மிஞ்சினால் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்ற வழி இருக்கிறது, கவலைப்படவேண்டாம்.

பென்சிலால் நாங்கள் கோடு போட்ட அந்த விரிசல் இரண்டு பனிக்காலம் தாண்டியும் கோட்டைத் தாண்டவில்லை. இப்போது அந்த அறையில் ஒரு மாணவி தங்கியிருக்கிறாள். அவளும் யாரோ பெற்ற பெண்தானே! அதனால் அக்டோபர் வந்தால் நான் இங்கிருந்து போன் செய்து, "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு, "பீலியைப் பாத்தியா?" என்றும் கேட்டுவிடுகிறேன். "பாத்துட்டேம்மா, பாத்துட்டேன்" என்று அலுத்துக்கொள்கிறாள். அலுத்துக்கொள்ளட்டும். சுவர் காய்ந்திருந்தால் சரி.