வீரர்களின் ஊதியத்துக்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதம் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
இறகுப்பந்து வீரர், வீராங்கனையர் நலச் சங்கம்,
சென்னை.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
விளையாட்டுத் துறை,
ஒன்றிய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம்,
சாஸ்திரி பவன், புது தில்லி.

பொருள்: இறகுப்பந்து வீரர்களின் ஊதியம், இழப்பீடு தொடர்பான தகராறுகளைத் தடுக்கவும் விரைந்து தீர்க்கவும் விதிகள் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



மாவட்டப் போட்டி முதல் சர்வதேசப் போட்டி வரை களமிறங்கும் இறகுப்பந்து வீரர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர் ஆகியோர் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். பேசிய தொகை உரிய நேரத்தில் வீரரின் கைக்கு வர வேண்டும். அதை மாற்றுவதானால் அவரது சம்மதத்தோடுதான் மாற்ற வேண்டும். எங்கள் கோரிக்கைகளின் சாரம் இவ்வளவே.

இது ஏன் அவசியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் ஆதரவில் தொடங்கிய இந்தியன் பேட்மிண்டன் லீக்கின் முதல் ஏலம் 2013 ஜூலையில் புது தில்லியில் நடந்தது. நட்சத்திர வீரர்களாக அறிவிக்கப்பட்ட ஆறு பேரில் ஜுவாலா குட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் இருந்தனர். இருவரும் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கமும், 2011 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் வென்ற இணை. இவர்களுக்கு அறிவிக்கப்பட்ட அடிப்படை விலை தலா 50,000 டாலர். ஆனால் லீக்கின் ஆட்டமுறையில் மகளிர் இரட்டையர் பிரிவுக்கே இடம் இல்லாமல் போனது. அதன் விளைவாக அடிப்படை விலை 25,000 டாலராக, சரிபாதியாக, குறைக்கப்பட்டது. ஜுவாலா 31,000 டாலருக்கும் அஸ்வினி 25,000 டாலருக்கும் ஏலம் போனார்கள். தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இருவரும் பகிரங்கமாக வேதனை தெரிவித்தார்கள். வித்தியாசத் தொகையை ஈடுகட்டுவதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர்.

ஆட்டமுறையை முடிவு செய்தவர்கள் நிர்வாகிகள். அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் வீராங்கனைகள். அவர்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதே அவர்களது வேதனை. நாடறிந்த நட்சத்திரங்களுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத பதினெட்டு வயது வீரர் யாரிடம் போய் முறையிடுவார்?

அதே லீக்கின்போது ஓர் ஆட்டம் தாமதமானது தொடர்பாக, ஜுவாலாவுக்கு வாழ்நாள் தடை விதிக்க இந்திய பேட்மிண்டன் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு பரிந்துரைத்தது. 2013 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, அவரைப் போட்டிகளில் அனுமதிக்க உத்தரவிட்ட பிறகே அவரால் தொடர்ந்து ஆட முடிந்தது. ஊதியப் பிரச்சினைக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது எங்கள் நோக்கமன்று. பணம் கொடுப்பவர், அணியைத் தேர்வு செய்பவர், தண்டனை வழங்குபவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, நியாயமான பாக்கியைக் கேட்கவும் வீரர் அஞ்சுவார் என்பதையே சுட்டிக்காட்டுகிறோம்.

தென் கொரியாவில் நடந்ததும் நமக்குப் பாடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற அன்றே, தன் முழங்கால் காயத்தைத் தேசிய இறகுப்பந்துச் சங்கம் கையாண்ட விதத்தை ஆன் சே-யங் வெளிப்படையாக விமர்சித்தார். அந்நாட்டு விளையாட்டு அமைச்சகம் விசாரணையில் இறங்கியது. விளம்பரதாரர் தரும் தொகையில் 20 விழுக்காட்டைத் தேசிய அணிக்கு ஒதுக்கும் விதியை, வீரர்களின் கருத்தைக் கேட்காமலேயே 2021இல் சங்கம் நீக்கியிருந்தது அப்போதுதான் அம்பலமானது. மட்டையும் காலணியும் கூட விளம்பரதாரருடையதாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கேள்விக்குள்ளானது. அரசு தலையிட்டதால்தான் உண்மை வெளியே வந்தது.

எங்கள் உறுப்பினர்களின் நிலையையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். போட்டி தொடங்கும் நேரத்தில் ஒப்பந்தத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். படித்துப் பார்க்க அவகாசம் இல்லை, நகலும் கிடைப்பதில்லை. பணம் எப்போது வரும் என்று கேட்டால், "போட்டி முடியட்டும் தம்பி, பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பதில். இதற்கிடையே இறகுப்பந்து வாங்கவும், மட்டையின் அறுந்த நரம்பை மாற்றவும், ரயில் டிக்கெட் எடுக்கவும் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். பல ஆட்டங்களில் மூன்றாவது கேமுக்குள் பல இறகுப்பந்துகள் பிய்ந்துபோகும். பயிற்சியில் அந்தச் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. வர வேண்டிய பணம் தள்ளிப்போனால், அடுத்த போட்டிக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் கைநழுவிப் போகிறது.

தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், 2025 தேசிய விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் வீரர்கள் குழுக்களையும் உருவாக்க வழிசெய்திருக்கிறது. இதை மனதார வரவேற்கிறோம். ஊதியத் தகராறுகளுக்கும் இச்சட்டத்தின் பயன் தடையின்றிக் கிடைக்க, கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

கோரிக்கைகள்

1. தேசியச் சங்கம் நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் ஒவ்வொரு லீக்கிலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட வேண்டும். தொகை, தவணை, வழங்கும் நாள் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். வீரருக்குப் புரியும் மொழியில் அமைந்த ஒப்பந்தத்தின் நகலைக் கையெழுத்திடும் நாளிலேயே வழங்க வேண்டும்.

2. அறிவித்த தொகையை வீரரின் எழுத்துப்பூர்வ சம்மதமின்றிக் குறைக்கக் கூடாது. ஆட்டமுறை மாற்றத்தால் ஒரு பிரிவு கைவிடப்பட்டால், இழப்பீட்டை யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தருவார் என்பதை ஏலத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

3. அணி உரிமையாளர்கள் வீரர்களின் மொத்த ஊதியத்துக்கு இணையான வங்கி உத்தரவாதத்தைத் தந்த பிறகே போட்டி தொடங்க அனுமதிக்க வேண்டும்.

4. விளம்பர வருவாயில் தேசிய அணி வீரர்களுக்கான பங்கை விதியாகவே வகுக்க வேண்டும். வீரர்கள் குழுவின் ஒப்புதலின்றி அதை மாற்றக் கூடாது. மட்டை, காலணி போன்று ஆட்டத்தை நேரடியாகப் பாதிக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கே இருக்க வேண்டும்.

5. அணிக்காக ஆடும்போது ஏற்படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவையும், அக்காலத்துக்குரிய ஊதியத்தையும் உறுதிசெய்ய வேண்டும்.

6. ஊதியப் புகார்களை 60 நாள்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். புகார் அளித்ததைக் காரணமாக்கி எவரையும் அணித் தேர்விலிருந்தோ முகாமிலிருந்தோ விலக்கக் கூடாது. தேர்வுக் குழுவில் உள்ளவர்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இடம்பெறக் கூடாது.

7. தீர்ப்பாயத்தை அணுகும் வளரும் வீரர்களுக்கு இலவச சட்ட உதவியும், காணொளி வழியாக ஆஜராகும் வசதியும் தேவை. சிறு ஊரில் உள்ள ஒரு குடும்பம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தில்லி சென்று வர இயலாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசின் கருவூலத்திலிருந்து புதிதாகப் பணம் தேவையில்லை. ஒழுங்கான விதிகளும் அவற்றை நடைமுறைப்படுத்தும் உறுதியும் போதும். சங்கங்களை எதிரிகளாக நாங்கள் கருதவில்லை. அவை வளர்த்த விளையாட்டில்தான் நாங்களும் வளர்ந்தோம். ஆனால் பதக்கம் வரும்போது மேடையில் உடன் நிற்பவர்கள், பாக்கியைக் கேட்கும்போதும் உடன் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எனவே, இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து உரிய விதிகளை வகுக்குமாறும், அதற்கு முன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசுமாறும், எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: சென்னை

நகல்:
1. உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை.
2. பொதுச் செயலாளர், இந்திய பேட்மிண்டன் சங்கம்.