மாத்தளையை எட்டாத மாநாடுகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தை அணைத்து நிற்கும் கண்டி நகரம், ஆண்டுதோறும் பல ஆய்வு மாநாடுகளின் களமாக விளங்கி வருகின்றது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு அமர்வுகள், பட்டப்பின் விவசாய நிறுவனத்தின் வருடாந்த மாநாடு, விவசாயத் திணைக்களத்தின் வருடாந்த ஆய்வரங்கு என அப்பட்டியல் நீள்கின்றது. ஒரு மாநாடு முடிந்த கையோடு அடுத்ததற்கான ஆய்வுச் சுருக்கங்கள் கோரப்படுவது வழமை. இன்னொரு புறத்தில் வர்த்தக சம்மேளனங்களும் தொழில் முயற்சியாளர் அமைப்புகளும் கண்டியின் ஹோட்டல் மண்டபங்களில் அறிமுகச் சந்திப்புகளை நடத்துகின்றன. விலாச அட்டைகள் கைமாறுகின்றன. புதிய வாடிக்கையாளரும் பங்காளிகளும் கிடைக்கின்றனர்.

இவை வரவேற்கத்தக்கவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், கண்டியிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளையின் மிளகுச் செய்கையாளருக்கும் சரக்கு வியாபாரிக்கும் இம்மாநாடுகளால் கிட்டிய பயன் யாது என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர்களாக நாம் இருக்கின்றோம்.

மாத்தளை, ஆய்வுக்கு அந்நியமான மாவட்டமன்று. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ என்பவற்றை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பது மாத்தளையிலேயாகும். அத்திணைக்களத்தின் தலைமையகமோ பேராதனையில் இருக்கின்றது. மாவட்டத்தின் வட எல்லையில், 1999 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் நாடு முழுவதற்கும் மரக்கறி வழங்குகின்றது. விளைநிலம், ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகம், சந்தை ஆகிய நான்கும் சில மணி நேரப் பயணத் தூரத்துள் அமைந்திருப்பது பெரும் வாய்ப்பாகும். அவ்வாறிருந்தும் அறிவு ஒரு முனையிலும் விளைச்சல் மறுமுனையிலும் தேங்கி நிற்கின்றன.

மிளகையே எடுத்துக்கொள்வோம். இலங்கை மிளகின் காரத்தன்மையும் எண்ணெய்ச் செறிவும் உலகச் சந்தையில் மதிக்கப்படுபவை. ஆனால் நம்மவர்களில் பலர் களவுக்கு அஞ்சியும் கைச்செலவுக்கு வழியின்றியும் முற்றாத காய்களையே பறித்து விற்றுவிடுகின்றனர். ஒரு கிலோ உலர்ந்த மிளகைப் பெற ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகு வேண்டும். காய் முற்றாதிருப்பின் இன்னும் கூடுதலாக வேண்டும். கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்து உலர்த்தினால் மிளகு சீரான கருநிறம் பெறும். பழுத்த காயை ஊறவைத்துத் தோல் நீக்கினால் கூடுதல் விலை பெறும் வெண்மிளகு கிடைக்கும். இவை ஆய்வாளருக்குப் பழைய செய்திகள். ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் அரை ஏக்கர் தோட்டத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கோ இவையே வருமானத்தின் வேறுபாடாகும்.

வியாபாரியின் நிலையும் இதுதான். நமது மிளகின் முதன்மைச் சந்தை இந்தியா. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இலங்கை–இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ், தீர்வையின்றி அனுப்பக்கூடிய மிளகுக்கு ஆண்டொன்றுக்கு 2,500 மெற்றிக் தொன் என்ற வரம்பு பின்னர் விதிக்கப்பட்டது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இந்தியாவுக்குள் நுழைகின்றது என்ற குற்றச்சாட்டு கிளம்பிய சூழலில், 2017 டிசம்பரில் இந்தியா இறக்குமதி மிளகுக்குக் கிலோவொன்றுக்கு 500 இந்திய ரூபா என்ற குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. புதுடில்லியில் இடப்பட்ட ஒரு கையெழுத்து மாத்தளைக் கடைவீதியின் தராசை அசைக்க வல்லது. அத்தகைய முடிவுகளின் காரணத்தையும் விளைவையும் ஆராயும் பொருளியலாளர்கள் பேராதனையில் இருக்கின்றனர். அந்த விளக்கம் கடைவீதிக்கு வந்து சேர வழிதான் இல்லை.

வழி அடைபட்டிருப்பதற்கு முதற் காரணம் மொழி. மாநாட்டு அழைப்பும் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களும், தலைமுறை தலைமுறையாகச் சரக்கு வியாபாரத்தில் ஈடுபட்டுவரும் முஸ்லிம் குடும்பங்களும் இவர்களுள் அடங்குவர். தமிழில் பேசி விளக்கக்கூடிய விரிவாக்க உத்தியோகத்தர் போதாது என்பது மலையகத்தின் நெடுநாளைய முறைப்பாடு. சிங்களக் கிராமத்து விவசாயிக்கும் ஆங்கில ஆய்வுக் கட்டுரை எட்டாக்கனியே என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். இது ஓர் இனத்தின் குறை மட்டுமன்று.

இரண்டாவது காரணம் செலவு. பதிவுக் கட்டணம், ஒரு நாள் வியாபார இழப்பு, அறிமுகமில்லாத சூழலின் தயக்கம் யாவும் சேர்ந்து சிறு முயற்சியாளரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்களே மீண்டும் மீண்டும் கைகுலுக்கும் சந்திப்பினால் புதிய தொடர்பு பிறக்கப் போவதில்லை. வீட்டில் மசாலாத் தூள் பொதி செய்து விற்கும் பெண்களுக்கு இம்மண்டபங்களின் கதவு இன்னும் குறுகலானது.

அறிவு உரிய இடத்தைச் சேராதபோது நேர்வது வருமான இழப்பு மட்டுமன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. மண்சரிவு பற்றிய ஆய்வுகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. சரிவுகளைக் குறித்த வரைபடங்களும் உள்ளன. நிலத்தில் வெடிப்புத் தோன்றினால், சுவர் சரிந்தால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினால் உடனே வெளியேற வேண்டும் என்ற எளிய செய்தி, லயன் அறையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் தாய்மொழியில் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வின் பெறுமதி அங்கேதான் அளக்கப்படும்.

ஆய்வாளர் தம் துறை சார்ந்தோருடன் சர்வதேச மொழியில் உரையாட வேண்டியது அவசியமே என்று சிலர் வாதிடலாம். அதனை நாம் மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்தைச் சந்தைக்கடையாக மாற்றவேண்டும் என்பதும் எமது நோக்கமன்று. ஆனால் பேராதனையின் வரலாற்றிலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. தமிழ்த்துறைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்க் கிராமங்களின் கூத்துக் கலையைத் தேடிச் சென்றார். 1960களில் அண்ணாவிமாரின் அறிவைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்து, புதுமெருகுடன் மீண்டும் மக்களிடமே கொண்டுசென்றார். கூத்துக்கு இயன்றது மிளகுக்கு இயலாமற் போக நியாயமில்லை.

எனவே, மாநாட்டு ஏற்பாட்டாளர்கள் சில ஒழுங்குகளைச் செய்தல் வேண்டும். மூன்று நாள் மாநாட்டில் ஒரு நாளை மாத்தளையில் நடத்தலாம். சாஹிரா கல்லூரி, இந்து தேசியக் கல்லூரி, பாக்கியம் தேசியக் கல்லூரி போன்றவற்றின் மண்டபங்கள் இதற்கு உகந்தவை. ஏற்றுமதிப் பயிர்கள் பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் வெளியிடுவது பெருஞ்செலவன்று. வர்த்தகச் சந்திப்புகளில் சிறு செய்கையாளருக்கும் பெண் முயற்சியாளருக்கும் கட்டணமின்றிச் சில இடங்கள் ஒதுக்கப்படலாம்.

நமது சமூகங்களுக்கும் பொறுப்புண்டு. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய அறங்காவலரும் வர்த்தக சங்கங்களும் விழாக்களுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டலாம். பேராதனையில் பயிலும் மாத்தளை மாணவர்கள் தாம் கற்றதைத் தம்மூரில் தம் மொழியில் எடுத்துரைப்பது, அவர்களது படிப்புக்காக வியர்வை சிந்திய பெற்றோருக்குச் செய்யும் கைம்மாறாகும்.

பேராதனைப் பல்கலைக்கழகம் பொதுமக்களின் வரிப்பணத்தில் நிலைபெற்றிருப்பது. அந்த வரியில் மாத்தளைச் செய்கையாளரின் பங்கும் வியாபாரியின் பங்கும் இருக்கின்றன. அடுத்த மாநாட்டின் அழைப்பிதழ் அச்சாகும்போது, தமிழிலும் ஒரு பிரதி அச்சிடப்பட்டு மாத்தளைக் கடைவீதிக்கும் அனுப்பப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.