மீனின் பசியும் நம்முடைய பரிவும்

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களுள் வண்ணமீன் வளர்ப்போருக்கு மாத்திரம் பிரத்தியேகமான கவலை ஒன்று உண்டு. அந்த வாயில்லா ஜீவன்கள் பட்டினி கிடந்து மாண்டுபோகுமே என்று அஞ்சி, சிலர் புறப்படும் நாளில் வழக்கத்தைவிட மும்மடங்கு தீனியைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். சிலர் சாவியையும் தீனி டப்பாவையும் அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறார்கள். இரக்கத்தினால் செய்யப்படும் இவ்விரு காரியங்களும் அநேகமாகத் தீங்காகவே முடிகின்றன என்பதும், ஒரு வார காலத்துக்கு உட்பட்ட பிரயாணமானால் ஒன்றும் போடாமல் போவதே உத்தமம் என்பதும் என் அபிப்பிராயம்.

நம்மைப் போல் உடலின் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக் காக்க வேண்டிய கடமை மீனுக்கு இல்லை. சுற்றியுள்ள ஜலத்தின் உஷ்ணமே அதன் உஷ்ணமாதலால், அதற்கு வேண்டிய ஆகாரமும் சொற்பமே. நன்கு வளர்ந்த, நோயற்ற கப்பியோ மோலியோ தங்கமீனோ ஒரு வாரம் இரையின்றி இருப்பதால் கெட்டுவிடுவதில்லை. நாளுக்குப் பலமுறை இரை கேட்கும் இளங்குஞ்சுகள் மட்டும் இதற்கு விலக்கு. ஆனால் ஆளைக் கண்டதும் மேலே வந்து வாய் திறப்பது மீனின் சுபாவம். அதைப் பசியென்று எண்ணி அண்டை வீட்டுப் பிள்ளை அள்ளி அள்ளிப் போடுவதில் ஆச்சரியமில்லை.

தின்னாமல் அடியில் தங்கிய தீனியோ அழுகி அம்மோனியா என்னும் விஷமாகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது மெய்யே. எனினும் திடீரென்று வந்து சேரும் பெருஞ்சுமையைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. விடுமுறைக்கென்றே கடைகளில் விற்கப்படும் கரையும் தீனிக்கட்டிகளும் ஜலத்தைக் கலக்கக்கூடியவையே. தானாகத் தீனி போடும் கருவியிலும் ஈரம் ஏறித் தீனி அடைத்துக்கொள்வதுண்டாகையால், புறப்படுவதற்குச் சில நாள் முன்பே அதை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஜலம் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கொள்ளும் ஜலம், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். ஜன்னல்களெல்லாம் சாத்திய வீட்டில், சித்திரை வெயிலில், மின்சாரமும் நின்று காற்றுப் பம்பும் ஓய்ந்துவிட்டால், பல நாள் பட்டினி செய்யாத கேட்டைச் சில மணி நேரம் செய்துவிடும். ஆகவே, மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பாட்டரிப் பம்பு ஒன்றை மாட்டிவிட்டு, பம்பு ஓடுகிறதா, செத்த மீன் எதுவும் மிதக்கிறதா என்று மட்டும் தினம் ஒருமுறை பார்க்கும்படி அண்டை வீட்டாரைக் கேட்டுக்கொள்வதே விவேகம். ஜலத்தில் கால்பங்கு மாற்றுவதையும் கடைசி நாள் அவசரத்தில் செய்யாமல், இரண்டொரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். பிரயாணம் நீளுமானால், ஒருநாள் விட்டு ஒருநாள் போடத்தக்கவாறு சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம்.

சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் விற்போருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. விடுமுறைக்கென்று இன்னுமொரு தீனிக்கட்டியை விற்பதைக் காட்டிலும், காற்றைப் பற்றியும் ஜலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியனுப்புவார்களேயானால், அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை; மீன் பிழைத்திருக்கும் வீட்டார்தாம் அடுத்த மாதமும் தீனி வாங்க வருவார்கள்.