மழைக்கு ஒரு டயர், சேத்துக்கு ஒரு டயர்

அக்கா பையன் அண்ணா நகர்ல இருக்கான். எஸ்யூவி வெச்சிருக்கான். ஐப்பசி பிறந்ததும் போன் பண்ணினான். "மாமா, டயர் நாலும் தேஞ்சிடுச்சு. குளிர்காலம் வருது. உங்க கழனிக்கும் அடிக்கடி வரணும். விண்டர் டயர் போடவா, இல்ல மட் டெரெய்ன் போட்டுடவா?"

"ரெண்டும் வேணாம்டா" என்றேன். அவனுக்கு ஏமாற்றம். ஏற்கெனவே கடையில விலை விசாரிச்சு, அலாய் வீலோடு படம் எல்லாம் அனுப்பியிருந்தான். கீரை விக்கிற மாமாவுக்கு டயர் பத்தி என்ன தெரியும்னு நினைச்சிருப்பான். நினைக்கட்டும். வருஷம் பூரா டிராக்டர், டாடா ஏஸ், மோட்டார் சைக்கிள் மூணையும் சேத்துல ஓட்டுறவனுக்கு டயர் பத்தி கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

அதோட நம்ம பக்கம் டயர் ஊர். திருவொற்றியூர்ல 1946ல பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச சின்ன பட்டறைதான் பின்னாடி எம்.ஆர்.எஃப். ஆச்சு. அம்பத்தூர்ல டன்லப் தொழிற்சாலை இருந்தது. ஒரகடத்துல அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ல ஜே.கே., தேர்வாய்கண்டிகையில மிஷலின். வேலப்பன்சாவடியில நின்னு எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு டயர் கம்பெனி வாசல்ல போய் நிக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரன், பனி நாட்டுக்காரன் போட்ட வீடியோவைப் பார்த்து டயர் வாங்கப் போறான்.

விண்டர் டயர் கதையை முதல்ல முடிச்சிடறேன். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ குளிர் போனா விறைச்சுப் போய் பிடிமானத்தை இழக்க ஆரம்பிக்கும். அந்தக் குளிர்லயும் மெதுவா இருக்கிற மாதிரி ரப்பர் கலந்து செய்றதுதான் விண்டர் டயர். பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் அச்சடிச்சிருக்கும். எம் பிளஸ் எஸ்னு மட்டும் போட்டிருந்தா அது சேறு, பனிக்கு ஏத்த மாதிரி வெட்டு வெச்ச டயர்னு அர்த்தம், அவ்வளவுதான். நம்ம ஊர்ல மார்கழி விடியற்காலையில கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த மெத்து ரப்பரை நம்ம தார் ரோட்டுல ஓட்டினா அழிப்பான் மாதிரி தேயும். டிசம்பர்ல மணாலி, லடாக் போறவங்க கதை வேற. நம்ம குளிர்காலத்துக்கு வேற பேர் இருக்கு. வடகிழக்குப் பருவமழை. அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும்.

ஆக, கேள்வியையே மாத்திக் கேக்கணும். மழையில நனைஞ்ச தார் ரோட்டுக்கு எது நல்ல டயர்? அவன் வண்டி ஓடுற நூறு கிலோமீட்டர்ல தொண்ணூத்தொன்பது அந்த ரோடுதான். அண்ணா நகர்ல கிளம்பி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில மதுரவாயல் தாண்டி, வேலப்பன்சாவடியில திரும்பி, கூவத்தைக் கடந்து எங்க கழனிக்கு வர்றதுல மண் பாதை கடைசி அரை கிலோமீட்டர்தான். அந்த அரை கிலோமீட்டருக்காக மீதி தூரம் முழுக்க பொண்டாட்டி பிள்ளைங்களை வழுக்குற டயர்ல கூட்டிட்டு வரப் போறான். எனக்குக் கோபம் வந்தது அதுலதான்.

டிராக்டரைப் பார்த்தவங்களுக்கு இது சுலபமா புரியும். பின் டயர்ல அம்பு மாதிரி பெரிய பெரிய கட்டை இருக்கும். மண்ணைக் கடிச்சுத் தள்ளுறதுக்கு. முன் டயர்ல அந்தக் கட்டை கிடையாது. நீளவாக்குல வரம்பு மாதிரி மூணு கோடு ஓடும். பக்கவாட்டுல சறுக்காம திரும்புறதுக்கு. ஒரே வண்டி, ஒரே கழனி, ஆனா வேலை வேறன்னா டயர் வேற. சேடை ஓட்டுறப்ப இரும்பு கூண்டுச் சக்கரம் மாட்டுவோம். அதோட தார் ரோட்டுல ஏறினா ரோடும் போச்சு, பஞ்சாயத்தும் வரும். கழட்டி வெச்சிட்டுத்தான் ரோட்டுக்கு வருவோம். மட் டெரெய்ன் டயர்னா என்ன? கழட்ட முடியாத கூண்டுச் சக்கரம்னு வெச்சுக்குங்க.

ஈர ரோட்டுல டயருக்கு இருக்கிற முதல் வேலை தண்ணியை வெளியே தள்ளுறது. நீளவாக்குல ஓடுற பள்ளம் தண்ணியைப் பின்னாடி வாரி விடும். கத்தியால கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் மீதி ஈரத்தைத் துடைச்சு ரோட்டைப் பிடிக்கும். மட் டெரெய்ன்ல பெரிய கட்டையும் பெரிய சந்தும்தான். மெல்லிய வெட்டு குறைவு, ரோட்டுல படுற ரப்பரும் குறைவு. மழையில பிரேக் போட்டா நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிக்கும். சத்தமும் டீசல் செலவும் தனி. இன்னும் அகலமான டயர் போட்டா கெத்தா இருக்கும்னான். அகலம் கூடக்கூட தண்ணி மேல ஏறி மிதக்குறதும் சீக்கிரம் நடக்கும். ஸ்டீயரிங் திடீர்னு லேசாயிடுச்சுன்னா அதுதான். அந்த நேரத்துல உங்க கையில வண்டி இல்லை.

சரி, அந்த அரை கிலோமீட்டர்? எங்க மண் களிமண். காஞ்சா பாறை, நனைஞ்சா பசை. களிமண் டயர் சந்துல அப்பிக்கும். ரெண்டு சுத்துல எந்த டயரும் மொட்டை டயர்தான். மட் டெரெய்ன் எப்படி சமாளிக்குதுன்னா, வேகமா சுழன்று அந்தச் சேத்தை வீசி எறியுது. சக்கரம் அப்படிச் சுழலணும்னா ஆக்சிலேட்டரை மிதிக்கணும். மிதிச்சா என்ன ஆகும்னு வண்டிக்குள்ள இருக்கிறவனுக்குத் தெரியாது. பின்னாடி இருக்கிற பாதைக்குத் தெரியும்.

ரெண்டு வருஷம் முன்ன கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை மூணு வண்டி வந்தது. எல்லாம் பெரிய டயர். யாரு, எவருன்னு தெரியலை. ஏரிக்கரைப் பக்கம் மழைச் சேத்துல வண்டி ஓட்டிப் பார்க்க வந்திருக்காங்க. படம் எடுத்துக்கிட்டாங்க, சிரிச்சாங்க, ஒரு மணி நேரத்துல போயிட்டாங்க. நான் சாயந்திரம் போய் பார்த்தப்ப வண்டிப்பாதையில முழங்கால் ஆழத்துக்கு ரெண்டு பள்ளம். ஒரு வளைவுல வாய்க்கால் கரையை மிதிச்சு உடைச்சிருந்தது. ராத்திரி மழை. உடைப்பு வழியா தண்ணி பக்கத்துக் கழனி பெரியம்மாவோட கீரைப் பாத்தியில இறங்கி நின்னுடுச்சு. தண்டுக்கீரை ரெண்டு பாத்தி, அறுக்க நாலு நாள் இருந்தது. வேர் அழுகிப் போச்சு. அவங்க தனியா பாடுபடுறவங்க. யாரைப் போய் கேக்கிறது?

எங்களுக்கும் அடி. கீரை விடியக்காலை மூணு மணிக்குக் கோயம்பேடு கிளம்பணும். டாடா ஏஸ் அந்தப் பள்ளத்துல இறங்கினா சேஸி தட்டும். பன்னெண்டு நாள் கட்டுகளைத் தலையில சுமந்து ரோட்டுக்கு வந்தோம். மழை விட்டு, ஈரம் இழுத்த பிறகுதான் செங்கல் ஜல்லி போட்டுப் பள்ளத்தை மூட முடிஞ்சது. களிமண்ல ஈரத்துல பதிஞ்ச தடம் அப்படியே காஞ்சு கல்லாயிடும். ஒரு மணி நேர விளையாட்டு தை மாசம் சம்பா அறுப்பு வரைக்கும் எங்களுக்கு வேலை வெச்சது.

அதனாலதான் சொல்றேன். மழைக்காலத்துல மண் பாதைக்கு நல்ல டயர்னு ஒண்ணு இல்லை. ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு நடந்து வாங்க. எங்க ஊர் பேரைப் பாருங்க. சாவடின்னா வழிப்போக்கன் இறங்கித் தங்குற இடம். இந்த ரோட்டுலயே குமணன்சாவடி, கரையான்சாவடின்னு வரிசையா இருக்கு. இறங்கி நிக்கிறதுக்கு அந்தக் காலத்துல ஒருத்தரும் வெக்கப்பட்டதில்லை.

அப்ப என்ன டயர் வாங்கச் சொன்னேன்? எச்.டி., அதாவது நெடுஞ்சாலை டயர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தா ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அதே அளவு. 235/65 ஆர் 17 104 எச்னு இருந்தா, அகலம் 235 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதுல நூத்துக்கு 65 பங்கு, ரிம் 17 இஞ்ச், ஒரு டயர் தாங்குற பாரம் 900 கிலோ, வேகம் 210 வரைக்கும். பாரத்தையும் வேகத்தையும் குறைச்சு வாங்கவே கூடாது. பல மட் டெரெய்ன் டயர்ல வேக எழுத்து கியூதான், 160. நம்ம ரோட்டுல அந்த வேகத்துல யாரும் போகப் போறதில்லை, ஆனா அந்த டயர் எந்த வேலைக்குப் பொறந்ததுன்னு அந்த எழுத்தே சொல்லிடுது.

வருஷம் பூரா தினமும் மண் ரோட்டுல போயே ஆகணும்னு இருக்கிறவங்க, தோட்டத்துலயே வீடு கட்டிக்கிட்டவங்க, ஏ.டி. டயர் போடலாம். அதுலயும் கட்டை சின்னதா, மெல்லிய வெட்டு நிறைய இருக்கிறதா பார்த்து வாங்குங்க. பக்கவாட்டு கெட்டியா இருக்கும், கல்லு குத்தாது. ஞாயித்துக்கிழமை விவசாயிக்கு அது தேவையில்லை. இன்னொண்ணு, இங்க ஓடுற எஸ்யூவில பாதிக்கு மேல ரெண்டு சக்கரம்தான் இழுக்குது. அக்கா பையன் வண்டியும் அப்படித்தான். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

கடையில தேதி பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டுல டி.ஓ.டி.க்குப் பக்கத்துல கடைசி நாலு எண். 3824ன்னா 2024ம் வருஷம் 38வது வாரம் செஞ்சது. ரப்பருக்கும் வயசு உண்டு. ஓடாம நின்ன டயரும் காஞ்சு வெடிக்கும். தேய்மானம் 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் சட்டம் விடுது. பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்ன மேடு இருக்கும், டயர் அது மட்டத்துக்குத் தேஞ்சா முடிஞ்சது கதை. ஆனா மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டர்லயே மாத்திடணும்னு என் கட்சி. பள்ளம் ஆழமில்லாம தண்ணி எங்க போகும்? வாய்க்கால் தூர் வாராம விட்ட மாதிரிதான்.

ரெண்டே ரெண்டு புது டயர் வாங்க காசு இருந்தா அதைப் பின்னாடி போடணும். இதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க, கடைக்காரரே முன்னாடி போடுவார். முன்பக்கம் வழுக்கினா வண்டி நேரா போகும், காலை எடுத்தா பிடிக்கும். பின்பக்கம் வழுக்கினா வண்டி பம்பரமா சுத்தும், நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களால அதைத் திருப்ப முடியாது. வேலப்பன்சாவடி மேம்பாலத்துல மழை நேரத்துல ஒரு கார் அப்படிச் சுத்தி நின்னதை நானே பார்த்தேன். நல்ல வேளை, பின்னாடி லாரி வரலை.

காத்து மறந்துடறாங்க. வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓடி சூடாகுறதுக்கு முன்னாடி பார்க்கணும். சேத்துல மாட்டிக்கிட்டா காத்தைக் கொஞ்சம் குறைச்சா டயர் பரவி நிக்கும், பாதையையும் குடையாது. நல்ல யோசனைதான். ஆனா ரோட்டுல ஏறினதும் திரும்ப அடிக்கணும். அடிக்காம நெடுஞ்சாலையில போனா தண்ணி மேல மிதக்குற ஆபத்து கூடுது, டயரும் சூடாகிக் கிழியும். வண்டியில சின்ன பம்பு இல்லாதவங்க இந்த வேலையில இறங்கவே வேணாம்.

2015 டிசம்பர்லயும், 2023ல மிக்ஜாம் வந்தப்பவும் எந்த டயர் போட்டவன் தப்பிச்சான்? தெருவுல இடுப்பு உயரத் தண்ணி. வண்டி மிதக்க ஆரம்பிச்சா டயர் எங்க தொடும்? அன்னைக்கு எங்க டிராக்டரைக்கூட வெளியே எடுக்கலை.

அக்கா பையன் கடைசியில எச்.டி. டயர்தான் போட்டான். நாலும் புதுசு, ஒரே வாரத்துல செஞ்சது. போன ஞாயிறு நல்ல மழையில வந்தான். அரச மரத்துக்கிட்ட ரோட்டோரமா நிறுத்திட்டு, பேன்ட்டை மடிச்சு விட்டு, சின்னவளைத் தோள்ல உக்கார வெச்சு, பெரியவனைக் கையில பிடிச்சு நடந்தே வந்தான். வழியில பெரியம்மா பாத்திக்கிட்ட நின்னு பேசிட்டு வந்திருக்கான். போறப்ப அவங்ககிட்ட சிறுகீரை நாலு கட்டு, என்கிட்ட முருங்கை ஒரு கட்டு. பையன் செருப்பு ஒண்ணு சேத்துலயே போச்சு. வண்டிக்குள்ள மிதியடி எல்லாம் களிமண்ணாம். அக்கா போன் பண்ணி என்னைத்தான் திட்டினா.