பிடித்தவன் பந்து

சரித்திரத்தில் நிற்கப்போகிற ஒரு பந்து மட்டையை விட்டுக் கிளம்பி, ஆகாயத்தில் வளைந்து வந்து, மலிவு டிக்கெட் காலரியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் மடியில் விழுகிறது. அவன் அதை என்ன செய்யவேண்டும்? நம்மிடையே இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ‘அது அடித்தவருடைய பந்து, அவரிடம் கொண்டுபோய்ப் பணிவோடு கொடுத்துவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். விலை பேசுகிறவன் ரசிகனே அல்ல!’ படித்தவர்கள், பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நாலு பேருக்கு நியாயம் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் இதையே சொல்லுகிறார்கள். சொல்லட்டும். எனக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. இந்த உபதேசத்துக்குள் ஒரு பழைய வியாதி ஒளிந்திருக்கிறது. பெரிய மனிதர் தொட்ட பொருள் பெரிய மனிதரிடமே போய்ச் சேரவேண்டும், நடுவில் இருக்கிறவன் வெறும் சுமைகூலி என்கிற வியாதி அது.

விளையாட்டின் தர்மத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சங்குளத்துக் கரிசல் பொட்டலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் பந்து ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு வாங்கியது. அது வேலிக்காத்தான் புதருக்குள் போய்விட்டால் ஆட்டமே நின்றுபோகும். ஆகவே பாதையில் போகிற பெரியவர் காலடியில் பந்து உருண்டால் அவர் எடுத்து எறிந்துவிட்டுப் போவார். லார்ட்ஸ் மைதானத்திலும் அதே நியாயம்தான். கிரிக்கெட்டில் பந்து தேயத் தேயத்தான் ஆட்டம் ருசிக்கிறது. தேய்ந்த பந்து ஒருமாதிரி திரும்பும். ஒரு பக்கம் பளபளப்பு இருந்தால் இன்னொருமாதிரி வளையும். டெஸ்ட் ஆட்டத்தில் 80 ஓவர் ஆனபிறகே புதுப் பந்து கேட்கலாம். ஆகையால் ஆட்டத்தின் நடுவே காலரிக்கு வந்த பந்தை, அது எவ்வளவு பெரிய சாதனையை எட்டிய சிக்ஸராக இருந்தாலும் சரி, சட்டைக்குள் ஒளித்துவைப்பது திருட்டு. இதில் எனக்கு யாரோடும் சண்டை கிடையாது.

சண்டையெல்லாம் ஆட்டத்தை முடித்துவைக்கிற பந்தைப் பற்றித்தான். 2011 ஏப்ரல் 2 இரவு, பம்பாய் வாங்கடே மைதானத்தில் இலங்கையின் குலசேகரா வீசிய பந்தை தோனி லாங் ஆன் பக்கம் காலரிக்குள் தூக்கி அடித்தாரே, அந்தப் பந்து! இந்தியா 275 ரன் எடுக்கவேண்டியிருந்தது, எடுத்தாகிவிட்டது. 28 வருஷம் கழித்து உலகக் கோப்பை வந்துவிட்டது. அந்த விநாடியோடு அந்தப் பந்துக்கு விளையாட்டிடம் பட்ட கடன் தீர்ந்தது. அதை எறிந்து கொடுப்பதற்கு மைதானத்தில் காத்திருந்த பந்துவீச்சாளர் யாரும் இல்லை. எல்லாரும் ஓடிவந்து கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிக்ஸர் போய் விழுந்த இருக்கைகளை நினைவிடமாக்க மும்பை கிரிக்கெட் சங்கம் 2023-ல் தீர்மானித்தது. அந்த ஏப்ரலில் தோனியையே அழைத்து அங்கே விழாவும் நடத்தியது. நல்ல காரியம். ஆனால் பாருங்கள், நமக்கு நாற்காலிக்கு மரியாதை செய்யச் சட்டென்று தோன்றுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆசாமியைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே பண்பாடு, பணிவு, தியாகம் என்று உபதேசம் ஆரம்பமாகிவிடுகிறது.

அதே சிக்ஸரை அடித்த மட்டை என்ன ஆயிற்று? 2011 ஜூலையில் லண்டனில் ஒரு விருந்தில் அது 1,00,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. பணம் அறக்காரியத்துக்குப் போனது. அதைக் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிவிடும். நான் கேட்பது வேறு. மட்டை ஏலத்துக்கு வந்தபோது, ‘அது தேசத்தின் சொத்து, அதை எப்படி விற்கலாம்?’ என்று நியாயவாதிகள் யாராவது தூக்கம் கெட்டார்களா? மட்டை அவருடையது, அவர் விற்றார் என்று எளிதாக ஒப்புக்கொண்டோம். மட்டைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்றால் பந்துக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

‘அடித்தவரின் வியர்வையால்தானே அந்தப் பந்துக்கு மதிப்பு?’ என்பார்கள். வாஸ்தவம், பாதி வாஸ்தவம். 2020-ல் கொரோனா காலத்தில் ஐ.பி.எல். ஆட்டங்களை அரபு நாட்டில் ஆளில்லாத மைதானங்களில் நடத்தினார்கள். சிக்ஸர்களுக்குக் குறைவில்லை. பந்து போய்க் காலி நாற்காலியில் ‘டக்’கென்று மோதிக் கீழே உருண்டது. அவற்றில் ஒரு பந்தையாவது கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? அடித்த கை அதே கைதான். வியர்வையும் அதே வியர்வைதான். இல்லாமல் போனது காலரிக்காரன் ஒருவன்தான். அடிப்பவர் சிக்ஸரை உண்டாக்குகிறார். அது சரித்திரமாவது எழுந்து நின்று கத்தியவன் தொண்டையில்.

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரன் நமக்கு முன்னமே வழக்காடி ஓய்ந்தவன். அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சிக்ஸருக்கு அங்கே ‘ஹோம் ரன்’ என்று பெயர். ஆட்டத்துக்குப் புதுப் பந்துகளைக் கூடைகூடையாக எடுப்பார்கள்; காலரிக்குப் போனதைத் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கேட்டார்கள். 1921-ல் நியூயார்க்கில் ஒரு ரசிகன், கொடு என்று வந்த சிப்பந்தியிடம் பந்தைக் கொடுக்காமல் கூட்டத்துக்குள்ளேயே வீசிவிட்டான். அவனை வெளியே தள்ளினார்கள். அவன் கோர்ட்டுக்குப் போய் 100 டாலர் நஷ்ட ஈடு வாங்கினான். பிடித்தவன் பந்து என்பது பிறகு அங்கே வழக்கமாகவே ஊன்றிவிட்டது.

அதன் பலனை 1961 அக்டோபர் 1 அன்று பார்க்கலாம். பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரர் 1927-ல் ஒரே பருவத்தில் அடித்த 60 ஹோம் ரன்களை ராஜர் மாரிஸ் அன்று 61-வது அடித்துக் கடந்தார். பந்தைப் பிடித்தவன் லாரி ஓட்டும் 19 வயதுப் பையன். தான் மணக்கப்போகிற பெண்ணோடு ஆட்டம் பார்க்க வந்திருந்தான். பந்தை மாரிஸிடமே கொடுத்துவிடத்தான் அவனும் போனான். மாரிஸ் வாங்கவில்லை. ‘நீயே வைத்துக்கொள், அதைக் காசாக்கிக்கொள்’ என்கிற தோரணையில் சொல்லிவிட்டார். எவ்வளவு பெரிய மனசு! கலிபோர்னியாவில் உணவு விடுதி நடத்திய ஒருவர் 5,000 டாலர் கொடுத்து வாங்கினார். வாங்கியவர் அதை மாரிஸுக்கே பரிசாகக் கொடுத்தார். மாரிஸ் பிறகு கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரிலிருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பையனுக்குக் கல்யாணச் செலவுக்குப் பணம், விடுதிக்காரருக்குப் பெயர், ஆட்டக்காரருக்குக் கௌரவம், ஊர் ஜனங்களுக்குப் பார்க்க ஒரு பந்து. இதில் யார் கெட்டுப்போனார்கள்? முதலில் ‘அவனுடையது’ என்று ஒப்புக்கொண்டதால்தான் ஒவ்வொருவரும் கௌரவமாகக் கொடுக்கவும் வாங்கவும் முடிந்தது. தன்னுடையது அல்லாததை எவனும் தானம் செய்யமுடியாது. பிடுங்கிக்கொண்டு ‘தியாகம் செய்தான்’ என்று பேப்பரில் போடலாம், அவ்வளவுதான்.

அதற்காக அமெரிக்காவில் நடப்பதெல்லாம் அழகு என்று நான் சொல்லவரவில்லை. 2001-ல் பாரி பாண்ட்ஸ் அடித்த 73-வது ஹோம் ரன் ஒருவன் கையுறையில் பட்டது; கூட்டம் அவன்மேல் விழுந்து அமுக்கியது; எழுந்தபோது பந்து இன்னொருவனிடம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கோர்ட்டு ஏறி இறங்கினார்கள். பந்தை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2002 டிசம்பரில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2003-ல் அது 4,50,000 டாலருக்குப் போயிற்று; வக்கீல் பீஸ் போக என்ன மிஞ்சியிருக்கும் என்பதை வழக்காடிப் பழகிய நம் ஜில்லாக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 2022-ல் ஆரன் ஜட்ஜின் 62-வது பந்தைப் பிடித்தவர், 30 லட்சம் டாலர் தருகிறோம் என்று வந்ததை வேண்டாமென்றார். கடைசியில் ஏலத்தில் 15 லட்சம்தான் வந்தது. 2024-ல் ஒட்டானியின் பந்து ஒன்று சுமார் 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அதற்கும் வழக்கு. ஒரு தோல் உருண்டைக்காகப் பக்கத்து இருக்கைக்காரன் விலாவில் முழங்கையால் குத்துகிறவனை நான் ரசிகன் என்று சொல்லமாட்டேன். பெட்டகத்துக்குள் பூட்டிவைக்க வாங்குகிற கோடீஸ்வரனையும் அப்படித்தான்.

சும்மா கொடுத்துவிடுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 1968 ஆகஸ்ட் 31 அன்று ஸ்வான்ஸீ மைதானத்தில் கேரி சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். ஆறாவது, மைதானத்தையே தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. 2006-ல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில், ‘அந்தப் பந்து இதுதான்’ என்று வந்ததை 26,400 பவுன் கொடுத்து வாங்கியது நம் இந்தியாவைச் சேர்ந்த நிறுவனம். ஆனால் பந்து வீசிய மால்கம் நாஷ் என்ன சொன்னார் தெரியுமா? தாம் வீசியது வேறு கம்பெனிப் பந்து என்றார்! ஏலத்தில் வந்ததில் இருந்த முத்திரை டியூக். அவர் வீசியதாகச் சொன்னது சர்ரிட்ஜ். யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எந்த நாளில் என்று அன்றே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கூத்து நடந்திராது. எடுத்தவனை ஒரு பொருட்டாக மதிக்காத இடத்தில் எடுத்த பொருளுக்கும் அத்தாட்சி இல்லாமல் போகிறது.

இந்த விவகாரத்துக்கு வழி எங்கள் பக்கத்து மண்ணிலேயே இருக்கிறது. அச்சங்குளத்துக்கு அக்கம்பக்கம்தான் வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டை 2022 முதல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தார்கள். சங்கு வளையல், பாசிமணி, சுடுமண் பொம்மை இவற்றோடு சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. எந்தக் காலத்துப் பெண்ணோ, பிள்ளையோ விளையாடிய காய்! யார் ஜெயித்தார்கள் என்பது போய்விட்டது. காய் இருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். சரி, துறைக்காரர் அல்லாமல் ஓர் உழவன் ஏர் முனையில் புதையல் தட்டுப்பட்டால்? 1878-ல் வெள்ளைக்காரன் எழுதிய புதையல் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் என்றால் கலெக்டருக்குச் சொல்லவேண்டும். உரிமையாளர் யாரும் வராமல், நிலத்துக்காரரோடு தனி ஒப்பந்தமும் இல்லாமல் போனால் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காருக்கு அது வேண்டும் என்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அந்நியன்கூடக் குனிந்து எடுத்தவனுக்கு முக்கால் பங்கு என்று எழுதினான். நாமோ நம் காலரிக்காரனுக்கு ஒரு போட்டோ போதும் என்கிறோம்.

2011-ல் அந்த இரவு தேசமெங்கும் வெடி வெடித்ததே, அதெல்லாம் எங்கிருந்து போயிற்று என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் எங்கள் சிவகாசி வட்டாரத்துக் கைகள் திணித்த மருந்து, சுற்றிய காகிதம், செருகிய திரிதான். யாருடைய கை என்று எந்த வெடியிலும் எழுதியிருக்காது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் தீப்பற்றி இருபதுக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அன்று டெல்லிவரை எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. ஆனால் செத்தவர்கள் செய்திகளில் ஓர் எண்ணிக்கையாகத்தான் வந்தார்கள். பந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பிறர் கொண்டாட்டத்துக்குத் திரி செருகுகிற ஊரில் பிறந்தவனுக்கு, கூட்டத்தில் ஒருவன் என்று சொல்லி ஒரு மனிதனைத் தள்ளிவிடுவது அத்தனை எளிதில் பொறுக்காது.

ஆகவே, பந்து உன் கைக்கு வந்துவிட்டதா தம்பி? முதலில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஆட்டம் பாக்கியிருந்தால் எறிந்துவிடு. முடிந்துவிட்டது என்றால் காவலாளி வந்து அதட்டினாலும், சங்கத்துக் காரியதரிசி வந்து தோளில் கைபோட்டாலும் அந்த இரவே கொடுத்துவிடாதே. உன்மேல் விழாமல் உனக்குக் கைதட்டிய பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொள். உன் டிக்கெட்டைப் பத்திரப்படுத்து. அடித்தவருக்குக் கொடுக்காதே, அவர் வீட்டு அலமாரியில் கோப்பைகளுக்கே இடம் போதாது. ஏலக்காரனுக்கும் கொடுக்காதே. கிரிக்கெட் சங்கத்துக்கு எழுது. கோடிக் கோடியாக வரும்படி உள்ள சங்கங்கள் அவை. நியாயமான விலை கேள், கூசாமல் கேள். கூடவே ஒரே ஒரு நிபந்தனை போடு: எல்லாரும் பார்க்கிற இடத்தில், மைதான வாசலிலேயே, பந்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும். கீழே உள்ள பலகையில் அடித்தவர் பெயரும் வீசியவர் பெயரும் இருக்கிற அதே அளவு எழுத்தில் பிடித்தவர் பெயர், ஊர், தொழில், இருக்கை எண், அன்று அவர் கொடுத்த டிக்கெட் விலை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். அடித்தவருக்கு அதைப் பார்க்க ஆசை வந்தால் தாராளமாக வரட்டும். அவரிடம் டிக்கெட் கேட்கவேண்டாம், வரிசையில் நின்றால் போதும்.