முதல் தட்டி எந்த யன்னலுக்கு?

வீடு கட்டி முடிஞ்ச கையோட மூங்கில் தட்டியோ பனையோலைத் தட்டியோ வாங்கிறவை அநேகமா அதை றோட்டுப் பக்க யன்னலிலதான் மாட்டுகினம். வாறவை போறவை பார்ப்பினம், ஹோலும் வடிவாயிருக்கும். அதே வீட்டில் குசினி மேற்குப் பக்கமா இருக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு அங்க நிக்கிறது ஆர் எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்ல.

எங்கட கருத்து இதுதான்: முதல் தட்டி, வெய்யில் நேரத்தில் ஆள் இருக்கிற அறைக்கு. அதிலும் மேற்கு யன்னலுக்கு.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு மேலேயே நிக்கும். அந்த வெய்யிலைக் கூரையும் யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் சன்சேட்டும் தடுத்துவிடும். பின்னேர வெய்யில் அப்படியில்லை, சரிஞ்சு நேரா உள்ளுக்கு வரும். காலையில் கிழக்கு யன்னலுக்கும் இதே கதைதான். ஆனா அப்ப சுவரும் நிலமும் சூடேறியிருக்காது.

அடுத்த கேள்வி, உள்ளேயா வெளியேயா? கண்ணாடிக்கு உட்பக்கம் தொங்கும் தட்டி கண் கூசாமல் காக்கும். ஆனால் வெய்யில் கண்ணாடியைத் தாண்டி வந்து தட்டியைச் சூடாக்க, அந்த வெக்கை அறைக்குள்தான் இறங்கும். வெளியே மாட்டினால் அதைக் காற்று கொண்டுபோய்விடும். யன்னல் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதெண்டால் சன்சேட் விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிடலாம். இரண்டு பக்கமும் யன்னலைவிட ஒரு சாண் கூட இருக்கவேணும், இல்லாட்டி ஓரத்தால வெய்யில் புகும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கீழ்ப்பக்கத்தையும் கட்டவேணும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கழற்றிச் சுருட்டி வைக்கவேணும், ஓலை நனைஞ்சு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். குசினிக்கு இன்னொரு காரணமும் உண்டு: அடுப்புக்குக் கிட்டக் காய்ஞ்ச ஓலை தொங்கக்கூடாது.

"றோட்டுப் பக்கம் மறைப்பு வேண்டாமோ? பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடு" எண்டு கேட்பினம். நியாயமான கேள்விதான். ஆனால் தட்டி பகலில்தான் மறைக்கும். இரவில் லைற் போட்டால் அதன் இடைவெளிகளால உள்ளுக்கு இருக்கிறவை தெரிவினம். மறைப்புக்குத் தடிச்ச துணிச்சீலை போதும், விலையும் குறைவு. தட்டியின்ர வேலை வெக்கையைத் தடுக்கிறது.

வீட்டுக்குள்ள வெக்கை எல்லாருக்கும் ஒரேயளவா விழுறதில்லை. வேலைக்கோ படிக்கவோ போற நாங்கள் திரும்பி வரேக்க வீடு ஆறத் தொடங்கியிருக்கும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் உள்ளுக்கு இருக்கிறது அம்மா, அப்பப்பா, சின்னப் பிள்ளையள். ஆனா தட்டியை எங்க மாட்டிறது எண்டு முடிவெடுக்கிறது மற்றவை.

வாங்க முதல் ஒரு நாள் பின்னேரம் வீடு முழுக்க நடந்து பாருங்கோ. ஆற்ற முகத்தில வெய்யில் விழுதோ, அந்த யன்னலை அளவெடுங்கோ.