கைவினைக்கு விலை என்ன?

காலபோக விதைப்புக்குச் சற்று முன்னர் ஒரு கமக்காரரும் ஒரு கராஜ்காரரும் பிணக்கோடு என்னிடம் வந்தனர். கமக்காரரின் லாண்ட்மாஸ்டர் இரண்டு நாளிற் திருத்தப்பட்டிருந்தது. “உதிரிப்பாகத்துக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், கைக்கூலிக்கு இவ்வளவு கேட்பது பகற்கொள்ளை” என்றார் அவர். “கூலியை உள்ளபடி சொன்னால் எவரும் தருவதில்லை; ஆகையால் பாகத்தின் விலையிலே சேர்த்து வாங்கிவந்தேன். இம்முறை உள்ளபடி எழுதியதே என் குற்றம்” என்றார் மற்றவர்.

நோயின் வேர் இந்த மறுமொழியிலே இருக்கின்றது. பெட்டியிற் பொதிந்துவரும் இரும்புக்குக் கேட்ட விலையை வாய்திறவாது கொடுக்கிறோம்; அதனைப் பொருத்தும் கைக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். சட்டத்தரணியாகிய நான் அரைமணி நேர ஆலோசனைக்குக் கட்டணம் பெறுகின்றேன். எவரும் கணக்குக் கேட்பதில்லை. எண்ணெய் படிந்த கையென்றால் மட்டும் ஏன் இந்த இளக்காரம்?

இத் தொழிலாளர் யார்? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே, பெற்றோல் இன்றித் தவித்த யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, உள்ள வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள். 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது பாகங்களின் விலை ஏறியதை நாம் விதியென ஏற்றோம். அவர்கள் வீட்டு அரிசியின் விலையும் ஏறிற்று என்பதை மறந்தோம்.

நியாயமான கூலியைக் கணிப்பது அரிதன்று. கடை வாடகை, மின்சாரம், ஆயுதத் தேய்மானம், உதவியாளரின் வேதனம், தொழிலாளியின் குடும்பச் சீவனம் யாவும் மாதம் 200,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வேலை, மாதம் இருபத்தைந்து நாள் கிடைக்குமாயின் 125 மணி நேரம். அப்படியெனில் ஒரு மணிக்கு 1,600 ரூபாய். இதற்குக் குறைத்துக் கேட்பவன் அவர் பிள்ளையின் கஞ்சியைக் குறைக்கின்றான்.

ஆயின், கராஜ்காரருக்கும் கடமை உண்டு. தேர்ந்த கைக்குச் செல்லும் நேரத்துக்கே கூலி கேட்கலாம். பழகுநரின் தடுமாற்றத்துக்கும், நோயைத் தவறாகக் கணித்துக் கழற்றியதற்கும் கேட்கலாகாது. டிங்கர், பெயின்ற் வேலைகளிலே காப்புறுதிக்கு ஒரு விலை, கைக்காசுக்கு மற்றொரு விலை என்ற வழக்கம் நேர்மையன்று. அந்தச் சுமை ஈற்றில் காப்புறுதிப் பணம் கட்டும் எல்லார் தலையிலும் விழுகின்றது.

சட்டம் என்ன சொல்கிறது? கூலி முன்னரே பேசப்படாதவிடத்து நியாயமான கூலி கொடுபடவேண்டும் என்பதும், அது கிடைக்கும்வரை திருத்திய பொருளைத் தொழிலாளி தடுத்துவைக்கலாம் என்பதும் நமது உரோமன் டச்சுச் சட்டத்தின் கொள்கை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வாங்குவோனுக்குக் காப்பளிக்கின்றது. ஆனால் வழக்குத் தீருமுன் விதைப்புக் காலம் போய்விடும். ஆகவே நாமே வழக்கமொன்றை ஏற்படுத்துதல் வேண்டும்.

மணிக்கூலியைக் கராஜின் சுவரிலே எழுதிவைக்கட்டும். இயந்திரத்தைக் கழற்றுமுன் மதிப்பீட்டை எழுத்திற் கொடுக்கட்டும்; செலவு அதற்கு மேற்படுமாயின் உடையவரைக் கேட்டே தொடரட்டும். பற்றுச்சீட்டிலே பாகம் வேறு, கூலி வேறு என்றிருக்கட்டும். கழற்றிய பழைய பாகம் உடையவரிடம் திரும்பட்டும். உதவியாளருக்கு ஊழியர் சேமலாப நிதியின் நூற்றுக்கு 12 வீதப் பங்கை முதலாளி செலுத்தட்டும். அச் செலவையும் கூலிக் கணக்கிலே சேர்ப்பதை நாம் ஏற்போம்.

அந்தப் பிணக்கு எவ்வாறு முடிந்தது? பாகங்களையும் வேலை நேரத்தையும் இரு நிரைகளாகப் பிரித்து எழுதினோம். தவறான இடத்தைக் கழற்றியதில் ஒரு மணி நேரம் போயிருந்தது. அதனைக் கராஜ்காரர் தாமே விட்டுக்கொடுத்தார். மீதியைக் கமக்காரர் எண்ணி வைத்தார். இருவரும் ஒரே லாண்ட்மாஸ்டரில் ஊர் திரும்பினர்.

கொழும்பிடம் நீதி கேட்கும் இனம் நாம். நம்மூர்ப் பட்டறையிலே உழைப்பவனுக்கு அந்நீதியை மறுத்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? அன்பர்கள் சிந்திப்பார்களாக!